அறுந்து போக வேண்டிய கயிறு: திருவண்ணாமலைப் பக்கம் தரையிலிருந்தே பறந்த கதை

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மலைவாசஸ்தலத்தில் பாராகிளைடிங் செய்யப் பணம் கட்டினேன். ஹெல்மெட் மாட்டி, பெல்ட் எல்லாம் இறுக்கி, மலை விளிம்பு வரைக்கும் கம்பீரமாக நடந்தும் போனேன். "ஓடுங்க சார்!" என்றார் பின்னாலிருந்தவர். நான் ஓடத்தான் செய்தேன். எதிர்த் திசையில். அந்த வீடியோவை யாரோ எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட, அன்று முதல் கீழ்வீட்டுக்காரர் முதல் கீரை விற்க வருபவர் வரை எனக்கு வைத்த பெயர் 'ரிவர்ஸ் கியர்'.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அந்தப் பெயர்தான். மற்றபடி வானத்தை அளக்கும் தாகம், ஆன்மிகத் தேடல் எதுவும் கிடையாது. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இந்த வயதில் தேடுவதெல்லாம் மூக்குக்கண்ணாடியைத்தான்.

மலையே இல்லாமல் பறக்கலாம் என்று என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். சமவெளியில், வயல் வரப்பில் நின்றபடி. எப்படி? முக்கால் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு வின்ச், அதாவது கயிறு சுற்றும் இயந்திரம் இருக்கும். கயிற்றின் மறுமுனை உங்கள் இடுப்பில். அங்கே இயந்திரம் கயிற்றைச் சுற்றச் சுற்ற, இங்கே நீங்கள் பட்டம் மாதிரி எழும்புவீர்கள். மேலே போனதும் கயிற்றைக் கழற்றிவிட்டு மிதந்து இறங்க வேண்டியதுதான். குதிக்கிற வேலை இல்லை, விளிம்பு இல்லை. எனக்காகவே கண்டுபிடித்தது போல இருந்தது.

வீட்டில் அனுமதி வாங்குவதுதான் பெரிய வேலையாகப் போய்விட்டது. என் மனைவி கற்பகம் சொன்னது இது: "மே மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். தாரை வார்த்துக் குடுக்க ரெண்டு கால்ல நிக்கிற அப்பா வேணும். நானும் கூட வருவேன். அங்க எனக்குச் சரின்னு படலைன்னா நீங்க ஏறக் கூடாது." ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்ய?

மார்ச் இரண்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. பௌர்ணமி இல்லாத வாரமாகப் பார்த்துத்தான் கிளம்பினோம். பௌர்ணமியில் திருவண்ணாமலைக்குள் பறந்து போனால்தான் உண்டு, பஸ்ஸில் போக முடியாது. சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஆறரைக்கு அரசுப் பேருந்து. திண்டிவனத்தில் டீ, செஞ்சியில் கோட்டையைப் பார்த்து "ஏறலாமா?" என்று நான் கேட்க, கற்பகம் பார்த்த பார்வை, பத்தே முக்காலுக்குத் திருவண்ணாமலை. ஏறக்குறைய நூற்றறுபத்தைந்து கிலோமீட்டர். ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

செங்கம் சாலையில் ரமணாசிரமம் பகுதியில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு அறை எடுத்தோம். அங்கே கூட்டிப்போன ஆட்டோக்காரர் எங்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சாமி பாக்க வந்தீங்களா சார், சாமியார் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும் இல்லீங்க. பறக்க வந்தோம்."

"பறக்கவா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "போன வாரம் ஒரு வெள்ளக்காரரும் அதான் சொன்னாரு சார். அவரு ரூம்ல கண்ண மூடிக்கினு உக்காந்த எடத்துலயே பறந்தாரு. செலவு கம்மி."

"நான் நெசமாவே பறக்கப் போறேங்க. அவலூர்ப்பேட்டை ரோட்டுல ஒரு ஊரு. கயிறு கட்டித் தூக்குவாங்களாம்."

ஆட்டோ வேகம் குறைந்தது. திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களத் தூக்கறதா? கயிறு எவ்ளோ தடிமன் சார்?" அந்தக் கேள்வி என் மனைவியின் மனதில் போய் உட்கார்ந்தது. ஆனால் அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அவரையே மாலைக்கும் மறுநாள் விடியலுக்கும் பேசிக்கொண்டோம். ஒரு நடைக்கு நானூற்றைம்பது.

ஊர்ப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. முன்பு யாரோ பெயரோடு எழுதப் போக, ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் பானிபூரி வண்டியும் வந்துவிட்டதாம். டவுனிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பறக்க வைப்பவர்கள் ஒரு தம்பதி. தரணேந்திரன், அதாவது தரணி, தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் விவசாயம் செய்யும் சமணக் குடும்பத்துக்காரர். மனைவி சுதா. இருவரும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது பறக்கப் படித்து, அதற்கான சான்றிதழ்களும் வாங்கி, ஊரோடு வந்துவிட்டார்கள். கணவன் மேலே பறப்பார், மனைவி கீழே வின்ச்சில் உட்கார்ந்து கயிற்றை இழுப்பார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், இங்கே அதற்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள்.

வெள்ளி மாலை நான்கு மணிக்கு அவர்கள் வீட்டுக் களத்தில் பாடம். முதல் பாடம் எடை. போனில் நான் எண்பத்து நான்கு கிலோ என்று சொல்லியிருந்தேன். சுதா மல்லாட்டை மூட்டை போடும் தராசைக் காட்டினார். அந்தப் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். ஏறி நின்றேன். தொண்ணூற்றொன்று.

"பஸ்ல கொஞ்சம் ஜாஸ்தி சாப்பிட்டேன்," என்றேன்.

"ஏழு கிலோவா சார்?" என்றார் சுதா. "உங்க எடைக்குத் தகுந்த மாதிரிதான் நான் இழுவைய வெக்கணும். தராசுகிட்ட பொய் சொல்லலாம், வின்ச்கிட்ட சொல்லக் கூடாது."

பிறகு சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். நான் தனியாகப் பறக்கப் போவதில்லை. தரணி எனக்குப் பின்னால் இணைந்திருப்பார், இறக்கையைக் கையாள்வது அவர்தான். என் வேலை ஓடுவது மட்டும். கயிறு சுண்டுவிரலில் பாதி தடிமன்கூட இல்லை. "லாரியையே இழுக்கும் சார், பயப்படாதீங்க," என்றார் தரணி. கற்பகம் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்து சுதா காட்டியது, அந்தக் கயிற்றுக்கும் எங்கள் இடுப்புக் கொக்கிக்கும் நடுவில் வரும் ஒரு சாண் நூல்கயிறு. வீக் லிங்க் என்று பெயர். "இழுவ அளவுக்கு மேல ஜாஸ்தியாச்சுன்னா இது அறுந்துரும்," என்று சொல்லிவிட்டு அடுத்த சாமானுக்குப் போனார். இந்த ஒரு வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வாக்கிடாக்கியில் பேச மூன்றே கட்டளைகள். 'இறுக்கு' என்றால் தொய்வாகக் கிடக்கும் கயிற்றை மெதுவாக இறுக்குவது. 'இழு' என்றால் தூக்குவது. 'நிறுத்து' என்றால் அந்த நொடியே விடுவது. "மொத ரெண்டையும் நாங்க மட்டும்தான் சொல்லுவோம். 'நிறுத்து' மட்டும் யாரு வேணா சொல்லலாம். ஆடு மேய்க்கிற அம்மா சொன்னாக்கூட நிறுத்திட்டுதான் ஏன்னு கேப்பேன்."

"நானும் சொல்லலாமா?" என்றாள் கற்பகம்.

"தாராளமா சொல்லலாம்க்கா."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிவரும் வார்த்தைதான். ஆனால் அதற்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் சமண வழக்கப்படி சூரியன் சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். ஐந்தே முக்காலுக்கு இலை போட்டார்கள். எங்கள் வீட்டில் அது இரண்டாவது காப்பிக்கான நேரம். வெட்கப்படாமல் சாப்பிட்டேன். தொண்ணூற்றொன்று தெரிந்துபோன பிறகு மறைக்க என்ன இருக்கிறது? இருட்டும் நேரத்துக்கு டவுனுக்குத் திரும்பினோம். நான் அறையில் முடங்க, கற்பகம் மட்டும் பெரிய கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். கையில் விபூதிப் பொட்டலமும் ஒரு சின்னக் காகிதப் பையும். "என்னது?" என்றேன். "ஒண்ணுமில்ல," என்றாள். பையில் இருந்ததைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகக் குறைந்திருக்கும்.

சனிக்கிழமை ஐந்தே காலுக்கு ஆட்டோ. ஆறு மணிக்கு முன்னால் அந்த ஊர் ஏரிக்குள் நின்றோம். ஏரி என்றால் தண்ணீர் இல்லை, தண்ணீர் தேங்கும் உள்வாய் முழுக்க வற்றி, கட்டாந்தரையாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. மரம் இல்லை, மின்கம்பி இல்லை. வின்ச் ஏற்பாட்டுக்கு முதல் தேவை இதுதான் என்றார் தரணி. காற்று வரும் திசையில் வின்ச், அதைப் பார்த்தபடி நாங்கள். காலையில் காற்று அடக்கமாக இருக்கும், வெயில் ஏறினால் முரண்டு பிடிக்கும். அதனால் ஒன்பது மணிக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள்.

கயிற்றின் முனையை மொபெட்டில் கட்டி இந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு வந்தவர் தரணியின் சித்தப்பா ஜெயபாலன். ஏவும் இடத்தில் கொடியும் வாக்கியும் அவர் பொறுப்பு. வாய் ஓயாத மனிதர். அரை மணி நேரத்தில் அந்த ஊரில் யார் வீட்டு நிலத்துக்கு யார் மேல் வழக்கு என்பது வரை எனக்குச் சொல்லிவிட்டார். நடுவில் கயிறு கிடக்கும் பாதைப் பக்கமாக ஒரு அம்மா ஆடுகளை ஓட்டி வர, குரல் கொடுத்தார்: "ஏம்மா, ஆட்ட அந்தாண்ட ஓட்டிக்க! கயிறு கெடக்குது, யாரும் தாண்டக் கூடாது!"

அந்த அம்மா நின்றார். "இன்னைக்கி யாரத் தூக்கறீங்க?"

"இந்த சார."

என்னை ஒரு முறை பார்த்தார். "ஆவுமா?"

"ஆவும் ஆவும். நீ ஓட்டு."

போகவில்லை. ஆடுகளைக் கரைப் பக்கம் விரட்டிவிட்டு, பார்க்க வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

எனக்குக் கவசமெல்லாம் மாட்டினார்கள். இறக்கையைப் பின்னால் விரித்தார்கள். எல்லோரும் அதில் மும்முரமாக இருந்த நேரம். பிறகு தரணி எனக்குப் பின்னால் தன்னை மாட்டிக்கொண்டு சோதனையை ஆரம்பித்தார். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். "லைன் சரி. தோள் பக்கிள் சரி. கால் பக்கிள், வலது சரி, இடது சரி. ஹெல்மெட் சரி. ரிலீஸ் சரி. வீக் லிங்க்..."

சத்தம் நின்றது.

"சார், இது என்னாது?"

குனிந்து பார்த்தேன். அந்த ஒரு சாண் நூலைச் சுற்றி, சிவப்பும் மஞ்சளுமாகத் தடித்த காப்புக் கயிறு. நெருக்கமாக ஆறு சுற்று, மேலே மூன்று முடிச்சு. "நீங்க கட்டினதுன்னு நெனச்சேன்," என்றேன்.

"நான் எதுக்கு சார் குங்குமம் வெக்கப் போறேன்?"

ஆமாம், குங்குமமும் இருந்தது. நாங்கள் மூவரும் மெதுவாகத் திரும்பிக் கற்பகத்தைப் பார்த்தோம். அவள் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றார் தரணி.

"நேத்து அவங்கதானே சொன்னாங்க, ஜாஸ்தி இழுத்தா இது அறுந்துரும்னு?" கற்பகம் பொரிந்து தள்ளினாள். "அறுந்துரும்னு தெரிஞ்சே அந்தக் கயித்துல யாராவது புருஷன அனுப்புவாளா? அதான் கோயில்ல பாதத்துல வெச்சு வாங்கிட்டு வந்து கட்டினேன். இப்ப இழுத்துப் பாருங்க, யானை இழுத்தாலும் அறுவாது."

"அதாங்க்கா பிரச்சன."

தரணி சிரிக்கவில்லை. இடுப்புக் கொக்கியைக் கழற்றினார். இறக்கையைச் சுருட்டச் சொன்னார். வாக்கியில் சுதாவைக் கூப்பிட்டார். சித்தப்பா மொபெட்டில் போய் அழைத்து வந்தார்.

சுதா அந்தக் கயிற்றைக் கையில் வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. தரையிலேயே கற்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். "தப்பு எம்மேலதான்க்கா. அறுந்துரும்னு சொன்னேன், ஏன் அறுவணும்னு சொல்லல. இழுக்கறப்ப எறக்க ஒரு பக்கமா சாஞ்சிடுச்சுன்னு வெச்சுக்குங்க. கயிறு விடாம இழுத்தா என்னாவும்? பட்டம் குத்திக்கினு கீழ வருமே, அதுமாதிரி தரையில கொண்டாந்து அடிச்சுரும். அதுக்குதான் மூணு காவல். தரணி கையில ரிலீஸ் இருக்குது, இழுத்தா கயிறு கழண்டுக்கும். எங்கிட்ட வின்ச்ல கத்தி இருக்குது, தட்டினா கயிறு துண்டாயிடும். ஆனா அந்த ரெண்டுக்கும் ஆள் யோசிக்கணும், கை நீளணும். யோசிக்காமயே காப்பாத்தற ஒரே ஆளு இந்த நூலுதான். இது அறுந்தாதான் இவரு பொழைப்பாரு."

கற்பகம் எழுந்து, "வேணாம். வாங்க போகலாம்," என்றாள் என்னிடம். "நானே கட்டி அனுப்பப் பாத்தேன். போதும். கல்யாணத்த வெச்சுக்கிட்டு."

இங்கே நான் ஏதாவது வீர வசனம் பேசியிருந்தால் நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பழியும் என் மேல் இல்லை, பறக்கவும் வேண்டாம். காப்பி எங்கே கிடைக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

சுதாதான் விடவில்லை. "அக்கா, தரணி கண்டுபிடிச்சுட்டாரு இல்ல? ஒவ்வொரு தடவையும் தொட்டுத் தொட்டுப் பாக்கறது அதுக்குதான். நீங்க ஒண்ணு பண்ணுங்க. எங்கூட வின்ச்சுக்கு வாங்க. பக்கத்துலயே உக்காருங்க. 'நிறுத்து' சொல்ற வாக்கிடாக்கிய உங்க கையில குடுத்துடறேன். நீங்க சொல்லிட்டா அதோட சரி, அப்பறம் யாரும் கேக்க மாட்டோம்."

கற்பகம் என்னைப் பார்த்தாள், சுதாவைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவள் போட்ட முடிச்சு அவளுக்கே எளிதில் அவிழவில்லை. நகத்தால், ஊக்கால், கடைசியில் பல்லால். தரணி அந்த நூலைத் தனியே போட்டுவிட்டுப் புது வீக் லிங்க் மாட்டினார். காப்புக் கயிற்றைக் கற்பகம் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். பிறகு சுதாவின் கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டில் கட்டி, நுனி தொங்காமல் செருகிவிட்டாள். "இழுக்கப் போறது உன் கைதானே. இங்கதான் கட்டியிருக்கணும்."

இருவரும் மொபெட்டில் சித்தப்பாவுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு போனார்கள்.

ஏழு மணிக்கு முதல் முயற்சி. மறுபடி முழுச் சோதனை. 'இறுக்கு' என்றார் திரும்பி வந்த சித்தப்பா. தரையில் கிடந்த கயிறு பாம்பு போல நெளிந்து நிமிர்ந்தது. 'இழு.' இறக்கை தலைக்கு மேல் எழும்பியது, இடுப்பில் இழுவை வந்தது. நான் ஓடினேன். முன்பக்கமாகத்தான், நம்புங்கள். நான்கு எட்டு வைத்ததும் கால் லேசானது. உடனே உட்கார்ந்துவிட்டேன்.

மாநகரப் பேருந்தில் வளர்ந்த உடம்பு. வண்டி நகர்ந்தால் உட்கார இடம் தேடும். ஆனால் நாங்கள் இன்னும் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. என் எடை முழுக்கத் தரணியின் முழங்காலில் விழ, இருவரும் புழுதியில் சறுக்கினோம். அதற்குள் வாக்கியில் கற்பகத்தின் குரல்: "உக்காந்துட்டாரு! அவரு உக்காந்துட்டாரு! நிறுத்து, நிறுத்து!" கயிறு அந்த நொடியே தளர்ந்து விழுந்தது. முழங்கால் சிராய்ப்போடு சரி.

கரையில் இருந்த ஆட்டுக்கார அம்மா சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "நான்தான் அப்பவே கேட்டேனே!"

"சார், கால் தரைய விட்டப்பறமும் நாலு எட்டு காத்துல ஓடுங்க," என்றார் தரணி, புழுதியைத் தட்டிக்கொண்டே. "நான் உக்காருங்கன்னு சொல்ற வரைக்கும் சீட்டே இல்லன்னு நெனச்சுக்குங்க."

இரண்டாவது முயற்சி. இந்த முறை காற்றில் ஏழெட்டு எட்டு ஓடினேன். தரை விலகியது. ஆரம்பத்தில் மெதுவாகத்தான் தூக்குவார்கள், உயரம் வரும் வரை அவசரப்படக் கூடாது என்பது விதி. பனைமர உயரம், இரண்டு பனைமர உயரம். "இப்ப உக்காருங்க சார்," என்ற குரல் கேட்டு உட்கார்ந்து, "ஆஹா" என்று வாயைத் திறந்தேன். எங்கிருந்தோ ஒரு காற்று கீழிருந்து ஒரு தூக்கு தூக்கியது. இடுப்பில் இழுவை திடீரென்று கூடியது. 'டப்' என்று ஒரு சத்தம். இழுவை காணாமல் போனது. எனக்கு முன்னால் கயிறு, சிக்காமல் இறங்குவதற்காக முனையில் கட்டியிருந்த குட்டிக் குடையோடு, தானாகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

இறக்கை முன்னால் பாய்ந்தது. தரணியின் கைகள் என் காதோரம் இறங்கி, பிறகு மெதுவாக ஏறின. ஊஞ்சல் நின்ற மாதிரி எல்லாம் அடங்கியது. "வீக் லிங்க் போயிடுச்சு சார். ஒண்ணுமில்ல. நேரா எறங்கறோம்." அவ்வளவுதான். நேராக மிதந்து, தரையில் காலை வைத்து, இரண்டடி ஓடி, வழக்கம் போல நான் உட்கார்ந்தேன்.

வாக்கியில் சத்தமே இல்லை. வின்ச் பக்கமிருந்து பார்த்தவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? புருஷன் வானத்தில் இருக்கும்போது கயிறு அறுந்தது தெரிந்திருக்கும். பிறகு சுதாவின் குரல்: "தரணி, ரெண்டு பேரும் ஓகேவா?"

"ஓகே. வீக் லிங்க் போயிடுச்சு. காத்து ஒரு தூக்கு தூக்குச்சு."

கொஞ்சம் கழித்துக் கற்பகம்: "அவரு நிக்கறாரா?"

"உக்காந்திருக்காருக்கா."

"நிக்கச் சொல்லுங்க."

நான் எழுந்து நின்றேன். கையை ஆட்டினேன்.

"ரெண்டு கால்லயா?"

"ரெண்டு கால்லயும்தான்க்கா."

காற்று அடங்கட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தோம். தரணி இறக்கையை முழுக்க விரித்துச் சோதித்தார். கயிற்று முனையில் பாதியாக அறுந்து நின்ற நூலைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நுனி பஞ்சு போலப் பிரிந்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு இது போதும் என்று சொல்வதற்கு நல்ல வார்த்தைகளாகத் தேடினேன். ரிவர்ஸ் கியர் விழுந்துவிட்டது. வாயைத் திறக்கும் நேரத்தில் சித்தப்பாவின் கையிலிருந்த வாக்கி பேசியது.

"ஏங்க. கேக்குதா?"

"சொல்லு."

"அது சரியாத்தான் அறுந்துச்சு. நான் கட்டினதோட போயிருந்தா அறுந்திருக்காது. சுதா எல்லாம் காட்டிக் குடுத்தா. காத்தும் கம்மியாயிடுச்சாம். இன்னொரு தடவ போங்க. முன்பக்கமாவே ஓடுங்க."

சித்தப்பா சிரித்து முடிக்கும் வரை நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எட்டு மணி சுமாருக்குப் புது வீக் லிங்க், மறுபடி தொட்டுத் தொட்டுச் சோதனை. 'இறுக்கு.' 'இழு.' ஓடினேன். தரை போன பிறகும் ஓடினேன். உட்காரச் சொல்லியும் பயத்தில் இன்னும் கொஞ்சம் ஓடினேன். மேலே, மேலே. ஏரிக்கரை ஒரு கோடாக ஆனது. முன்னூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இழுவை தளர்ந்தது. தரணி ரிலீஸைத் தட்டினார். 'க்ளக்.' அதற்குப் பிறகு சத்தமே இல்லை. காற்றின் மெல்லிய இரைச்சல் மட்டும்.

தென்மேற்கில் மலை தெரிந்தது. கீழே ரோட்டிலிருந்து பார்க்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் மலை. இங்கிருந்து பார்த்தாலும் மேலேதான் நின்றது, எனக்கு அதில் ஒரு ஆறுதல். கோயில் பக்கமோ மலைப் பக்கமோ போவதில்லை, அது இவர்களின் கண்டிப்பான விதி. கீழே அறுத்த வயல்கள், பச்சையாக மல்லாட்டைத் துண்டுகள், பம்புசெட் தொட்டியில் யாரோ குளிக்கிறார்கள். ஆட்டுக்கார அம்மா எழுந்து நின்று, நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையாட்டினேன். அவரும் ஆட்டினார். எனக்கு இந்த வருடம் கிடைத்த பெரிய விருது அதுதான்.

ஆறு நிமிடம் இருந்திருக்கும். வின்ச்சுக்குப் பக்கத்தில் இறங்கினோம். இரண்டு காலில். நின்றபடி. கற்பகம் வாக்கியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"என்ன, ஒரு வார்த்தை பேசல?" என்றேன்.

"வாயத் தொறந்தா அந்த ஒரு வார்த்ததான் வரும். சொன்னா அவ நிறுத்திடுவா. அதான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள். பிறகு என் கையிலிருந்த அறுந்த நூலை வாங்கி, விபூதிப் பொட்டலத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை காலை நேரம் நல்லது. ஏரியில் தண்ணீர் நின்றால் வேறு இடம் சொல்வார்கள். இரட்டை ஆள் பறப்புக்கு மூவாயிரம் வாங்கினார்கள், மூன்று முறை முயன்றதற்கும் அதுவேதான். எங்கே போனாலும் சான்றிதழைக் கேளுங்கள், அந்த இடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டால் முகம் சுளிப்பவரிடம் பறக்காதீர்கள். வின்ச்சில் கத்தி இருக்கிறதா, வீக் லிங்க் உங்கள் எடைக்கு உரியதா, 'நிறுத்து' என்று யார் சொல்லலாம் என்று விசாரியுங்கள். கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள். எடையை உள்ளபடி சொல்லுங்கள், எப்படியும் மல்லாட்டைத் தராசு சொல்லிவிடும். காற்று சரியில்லை என்று அனுப்பிவிட்டால் கோபிக்காமல் கோயிலுக்குப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட வருபவர்களையும் பாடத்தில் உட்கார வையுங்கள். பறப்பவருக்கு ஒரு கயிறு என்றால், கீழே நிற்பவர் மனதில் ஒன்பது கயிறு.

குடியிருப்புக் குழுவில் வீடியோ போட்டேன். கீழ்வீட்டுக்காரர் இப்போது என்னை 'டாப் கியர்' என்கிறார். மூன்றாவது முயற்சியை மட்டும்தான் போட்டேன் என்பது உங்களோடு இருக்கட்டும்.

அறுந்த நூல் எங்கள் பூஜை அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பகம் அதற்குக் குங்குமம் வைக்கிறாள். வைக்கட்டும். அது தன் வேலையை முடித்துவிட்டது, இனி எத்தனை பொட்டு வைத்தாலும் ஆபத்தில்லை.